பிரேசில் இசை, சோல் ஜாஸ் மறுவெளியீடுகள்: எல்பி வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய பாஸா நோவா (சம்பாவும் ஜாஸும் கலந்த பிரேசில் இசை), சோல் ஜாஸ் (ப்ளூஸும் காஸ்பெலும் கலந்த ஜாஸ்) ஆல்பங்கள் மாதாமாதம் புது எல்பியாக, அதாவது வினைல் இசைத்தட்டாக, வந்துகொண்டே இருக்கின்றன. புதிதாகச் சேகரிக்கத் தொடங்கிய தம்பிகள் வாங்கியதைப் படம் எடுத்து எனக்கு அனுப்புவார்கள். சில படங்களைப் பார்த்தாலே வயிறு எரியும். எங்கள் செட்டில் எல்லோரும் விழுந்து எழுந்த அதே பள்ளம். கீறல் இருக்கிறதா பாருங்கள், வெயிலில் வைக்காதீர்கள் என்பதெல்லாம் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. மற்றதைச் சொல்கிறேன்.

எந்த டேப்பிலிருந்து வந்தது என்று கேட்காமல் வாங்குவது

பணம் அதிகம் போவது இதில்தான்.

அண்மையில் ஒரு தம்பி, பிரேசிலின் பாஸா நோவா பாடகர் ஜோவாவ் ஜில்பெர்ட்டோவின் முதல் மூன்று ஆல்பங்களையும் (1959, 1960, 1961) ஐரோப்பாவிலிருந்து வரவழைத்திருந்தார். தட்டின் விலையோடு தபால் செலவு, சுங்க வரி எல்லாம் சேர்ந்து கணிசமான தொகை. என் வீட்டில் போட்டுக் கேட்டோம். ஜில்பெர்ட்டோவின் கிட்டார் அசையாமல் நடக்கும். குரல் அதற்கு முன்னும் பின்னும் நழுவிக்கொண்டே போகும். அழகே அதுதான். இந்தத் தட்டில் குரலும் கிட்டாரும் ஒரே தட்டையாக ஒட்டிக்கிடந்தன. ‘ஸ’ வரும் இடமெல்லாம் சீறல்.

தட்டைச் சாய்த்து விளக்கடியில் பிடித்துப் பார்த்தோம். கடைசிப் பாட்டு முடிந்து நடுவில் ஒட்டிய காகித லேபிள் தொடங்கும்வரை உள்ள வெற்றுப் பட்டையில் தொழிற்சாலை எண் மட்டும். மாஸ்டரிங் (தட்டில் ஏற்றுவதற்காக ஒலியைச் சீர்செய்யும் வேலை) செய்தவரின் பெயரோ கையெழுத்தோ இல்லை. பின்னட்டை பழைய அட்டையை ஸ்கேன் செய்தது. எழுத்தின் ஓரமெல்லாம் கலங்கியிருந்தது. மூல ஆல்பம் அரை மணி நேரம்கூட ஓடாது. இதில் பக்கத்துக்குப் பக்கம் ‘போனஸ்’ பாடல்களைத் திணித்திருந்தார்கள்.

இது எப்படி நடக்கிறது? ஐரோப்பிய ஒன்றியத்தில் ஒலிப்பதிவுக்கான உரிமை முன்பு 50 ஆண்டுகள்தான். 2013இல் 70 ஆக நீட்டினார்கள். ஆனால் அதற்குள் காலாவதியானது காலாவதியானதுதான். ஆக, 1962 முடிய வெளிவந்தவற்றை அங்கே யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம். சட்டப்படி தப்பில்லை. ஆனால் மாஸ்டர் டேப், அதாவது மூல ஒலிநாடா, உரிமை வைத்திருக்கும் நிறுவனத்திடம் இருக்கும். அது கிடைக்காதவர்கள் ஒரு சிடியிலிருந்தோ பழைய தட்டிலிருந்தோ நகல் எடுத்துத்தான் அச்சடிக்க முடியும். கலைஞரின் குடும்பத்துக்கும் அதில் காசு போக வேண்டிய கட்டாயமில்லை.

சாக்ஸபோன் கலைஞர் ஸ்டான் கெட்ஸும் கிட்டார் கலைஞர் சார்லி பேர்டும் வாசித்த ‘ஜாஸ் சம்பா’ 1962இல் வந்தது. அதனால் ஊர்பேர் தெரியாத இசைத்தட்டு நிறுவனங்களின் பதிப்பிலும் அது கிடைக்கும். 1964இல் வந்த ‘கெட்ஸ்/ஜில்பெர்ட்டோ’வை அப்படிப் போட முடியாது. ஆண்டைப் பார்த்தாலே பாதி விஷயம் தெரிந்துவிடும்.

ஜில்பெர்ட்டோ விஷயம் இன்னும் வேதனை. 1988இல் ஈஎம்ஐ நிறுவனம் அந்த மூன்று ஆல்பங்களையும் ஒரே தொகுப்பாக வெளியிட்டபோது, தன் இசையின் ஒலியையே மாற்றிவிட்டார்கள் என்று அவர் பின்னர் வழக்குப் போட்டார். வழக்கு இழுத்துக்கொண்டே போக, முறையான மறுவெளியீடு இல்லாமல் அந்த ஆல்பங்கள் பல்லாண்டுகள் கிடந்தன. தன் ஒலிக்காக அவ்வளவு போராடிய மனிதரின் பாட்டை, சிடி நகலில் கேட்டுவிட்டு “இவ்வளவுதானா ஜில்பெர்ட்டோ?” என்று அந்தத் தம்பி கேட்டபோது எனக்குத் தாங்கவில்லை.

அவற்றை முதலில் வெளியிட்ட ஓடியான் நிறுவனத்தின் பழைய தட்டோ, இரண்டாவது ஆல்பத்தை அமெரிக்காவில் கேபிடல் நிறுவனம் வெளியிட்ட பதிப்போ கிடைக்கும்வரை காத்திருங்கள். அதுவரை அவருடைய 1973 ஆல்பத்தைக் கேளுங்கள். குரல், கிட்டார், சன்னி கார் என்பவர் வாசித்த மெல்லிய தாளம், அவ்வளவுதான். ஒலிப்பதிவு செய்தவர் வெண்டி கார்லோஸ்.

சோல் ஜாஸில் இந்தச் சிக்கல் குறைவு. ப்ளூ நோட் என்ற ஜாஸ் நிறுவனம் 2019இல் தொடங்கிய ‘டோன் போயட்’ மறுவெளியீட்டு வரிசையில் மாஸ்டரிங் செய்யும் கெவின் கிரே, மூல அனலாக் டேப்பிலிருந்தே தட்டுக்கான தடங்களை வெட்டுகிறார். வெற்றுப் பட்டையில் அவருடைய ‘கேபிஜி’ என்ற எழுத்துகளைப் பார்க்கலாம். ட்ரம்பெட் கலைஞர் லீ மார்கன், ஆர்கன் கலைஞர் ஜிம்மி ஸ்மித் போன்றவர்களின் தட்டுகளை வாங்கும்போது முதலில் அங்கே தேடுங்கள்.

180 கிராம் ஸ்டிக்கரை நம்புவது

அது தட்டின் எடை மட்டும்தான். எடை கூடுவதால் ஒலியின் தரம் கூடிவிடாது.

‘ஸ்டீரியோ’ என்றாலே உசத்தி என்று நினைப்பது

அறுபதுகளில் மோனோ (ஒரே ஒலித்தடம்) பதிவுகளை மின்னணு முறையில் இரண்டாகப் பிரித்து ஸ்டீரியோ என்று விற்றதுண்டு. கேட்டால் குளியலறையில் பாடுவது போல இருக்கும். மோனோவில் பதிவானதை மோனோவிலேயே வாங்குங்கள்.

‘கஃபே பாஸா’ போன்ற பின்னணி இசைத் தொகுப்புகளை வாங்குவது

வேண்டாம்.

புதியதை ஒதுக்குவது

அறுபதுகளோடு பிரேசில் இசை முடிந்துவிட்டது போல சிலர் நடந்துகொள்கிறார்கள். லாஸ் ஏஞ்சலஸின் ‘ஜாஸ் இஸ் டெட்’ வரிசையில் பிரேசில் பாடகர் மார்கோஸ் வாலி 2020இல் புது ஆல்பம் தந்தார். பாஸா நோவா பிறந்தபோதே உடனிருந்த பியானோ கலைஞர் ஜோவாவ் தொனாட்டோ 2021இல் தந்தார், 2023இல் காலமானார். அந்த வரிசையை நடத்தும் இசைக்கலைஞர்கள் அட்ரியன் யங்கும் அலி ஷஹீத் முகமதும் அவர்களோடு சேர்ந்து எழுதி, டேப்பில் பதிவு செய்த புத்தம் புதிய பாடல்கள் அவை. அந்தத் தம்பியிடம், அடுத்த முறை சுங்க வரி கட்டுவதாக இருந்தால் தொனாட்டோவுக்குக் கட்டச் சொல்லியிருக்கிறேன்.