பகுதி இல்லாத கணக்கு

முதுநிலைச் செவிலியர் படிப்பின் பொதுச் சுகாதாரப் பாடத்திட்டத்தைத் திருத்தும் வேலை என்னிடம் வந்தபோது, விடுபட்ட தலைப்புகளைச் சேர்த்துக்கொண்டே போனேன். பாடத்திட்டம் பருத்தது, மாணவர்கள் மாறவில்லை.

மாணவர்களின் களக் குறிப்பேடு ஒன்றைப் பிரித்தபோதுதான் கோளாறு பிடிபட்டது. 'இங்கே 14 பேருக்கு உயர் ரத்த அழுத்தம்' என்றிருந்தது. எத்தனை பேரை அளந்ததில் 14? பின்னத்தின் மேலெண்ணான தொகுதி உண்டு, கீழெண்ணான பகுதி இல்லை. வார்டில் நோயாளியைப் பார்க்கும் கண்ணோடு ஊரைப் பார்த்திருக்கிறார்கள். குற்றம் அவர்களுடையதன்று, மக்களிடையே நோய் எவ்வளவு, யாரிடம் பரவியிருக்கிறது என்று கணக்கிடும் நோய்ப்பரவலியலை முதல் பருவத்தில் வகுப்பறையிலேயே முடித்துவிட்டு, களப்பணியை மூன்றாம் பருவத்தில் வைத்திருந்தோம்.

இரண்டையும் ஒரே பருவத்துக்குக் கொண்டுவந்தேன். பருவம் முழுவதும் ஒரே குடியிருப்பில் களப்பணி. அங்கே திரட்டிய எண்களிலேயே விகிதங்களைக் கணக்கிட வேண்டும். தேர்வில் தனிநபர் பராமரிப்புத் திட்டத்துக்குப் பதிலாகச் ஓர் ஊரின் உடல்நலத்தையே மதிப்பிடும் சமுதாய நோயறிதல் அறிக்கை. (தேர்வைத் தொடாமல் பாடத்தை மட்டும் மாற்றுவது வீண் வேலை.) நேரம் கிடைக்க, ஆரம்ப சுகாதாரப் பராமரிப்பை வலியுறுத்திய 1978ஆம் ஆண்டின் அல்மா அட்டா பிரகடனத்தை ஒப்பிக்கவைத்த வகுப்புகளை வெட்டினேன். சக ஆசிரியர்கள் முணுமுணுத்தார்கள்.

அடுத்த ஆண்டுக் குறிப்பேட்டில் '212 பெரியவர்களில் 31 பேர்' என்றிருந்தது. ஓரத்தில் பென்சிலால் ஒரு வரி: 'பகலில் வேலைக்குப் போனவர்களை அளக்கவில்லை.'