கீழ்முதுகு வலி தீருமா, இழுக்குமா? முதல் நாளிலேயே கணிப்பது எப்படி

வந்து உட்கார்ந்ததும் நோயாளி ஸ்கேன் படத்தைத்தான் நீட்டுவார். அதைக் கொஞ்சம் ஓரமாக வையுங்கள். வலியே இல்லாத 50 வயதுக்காரர்களிலும் பெரும்பாலோருக்கு டிஸ்க் தேய்மானம் தெரியும். வலி எவ்வளவு நாள் இழுக்கும் என்பதைப் படத்தைவிடக் கேள்விகள் நன்றாகச் சொல்லும்.

படி 1: ஆபத்தை விலக்குங்கள்

தொடையிடுக்கு, ஆசனவாய்ப் பகுதி மரத்துப்போனதா? சிறுநீர் புதிதாக அடைபட்டதா? கால்களில் பலம் குறைகிறதா? உடனே அவசர சிகிச்சைக்கு அனுப்புங்கள். புற்றுநோய் வந்தவர், காய்ச்சல் உள்ளவர், காரணமின்றி எடை குறைந்தவர், விழுந்து அடிபட்டவர், நெடுநாள் ஸ்டீராய்டு எடுப்பவர் ஆகியோரை மருத்துவர் பார்த்த பிறகே மேற்கொண்டு செல்லுங்கள்.

படி 2: நாளை எண்ணுங்கள்

6 வாரத்துக்குள் என்றால் புது வலி, 12 வாரம் தாண்டினால் நாள்பட்டது. நடுவில் ஒரு மாதமாவது வலியே இல்லாமல் இருந்திருந்தால் புதுச் சுற்றாக எண்ணுங்கள். வலி வேகமாக இறங்குவது முதல் 6 வாரங்களில்தான். அதன்பின் மெதுவாகத்தான் இறங்கும்.

படி 3: ஒன்பது கேள்விகள்

இங்கிலாந்தின் கீல் பல்கலைக்கழகம் உருவாக்கிய 'ஸ்டார்ட் பேக்' படிவம் கடந்த 2 வாரங்களைப் பற்றிக் கேட்கிறது. முதல் நான்கு கேள்விகள் உடலைப் பற்றியவை: காலுக்கு இறங்கும் வலி, தோள் அல்லது கழுத்து வலி, வலியால் நடை குறைதல், உடை மாற்றத் தாமதமாதல். 5 முதல் 9 வரை மனம் சார்ந்தவை: அசைந்தால் ஆபத்து என்ற பயம், கவலை, 'இது சரியாகவே ஆகாது' என்ற எண்ணம், எதிலும் நாட்டமின்மை, வலி தரும் தொல்லை.

முதல் எட்டில் 'ஆம்' என்ற ஒவ்வொரு விடைக்கும் 1 மதிப்பெண். மொத்தம் 3 வரை வந்தால் வலி இழுக்கும் அபாயம் குறைவு. 4 அல்லது அதற்கு மேல் வந்தால் மட்டும் கடைசி ஐந்தைத் தனியாகக் கூட்டுங்கள்: அதில் 3 வரை நடுத்தரம், 4 அல்லது 5 அதிகம். மொத்தம் 6 வாங்கிய இருவரில் ஒருவர் நடுத்தரம், மற்றவர் அதிகம் என்று வருவது இதனால்தான். புதியவர்கள் தவறுவது 9-ஆம் கேள்வியில். தொல்லையே இல்லை என்பதில் தொடங்கி ஏறிக்கொண்டே போகும் ஐந்து விடைகளில் கடைசி இரண்டுக்கு மட்டுமே 1, மற்றவை 0.

குறைந்த அபாயக்காரருக்கு 'நடமாடுங்கள், படுத்தே கிடக்காதீர்கள்' என்ற தெளிவான ஆலோசனையே பெரும்பாலும் போதும். அதிக அபாயக்காரருக்கு உடற்பயிற்சியோடு பயத்தையும் பேசித் தீர்க்க வேண்டும். இது சாத்தியக்கூறுதான், தீர்ப்பல்ல. 'உங்களுக்கு அதிக அபாயம்' என்று முகத்துக்கு நேராகச் சொன்னால் நீங்களே பயத்தை வளர்த்துவிடுவீர்கள்.

படி 4: மறுபடி அளந்து பாருங்கள்

ஆரம்பத்தில் 0–10 வலி அளவைக் குறித்து வையுங்கள். கேட்க வேண்டியது கடந்த வாரச் சராசரி; அந்த நிமிட வலி அலைபாயும். 6-ஆம் வாரம் மீண்டும் கேளுங்கள். 7 என்பது 6 ஆனதை முன்னேற்றமாக எழுதாதீர்கள். சுமார் 30% குறைந்தால்தான் கணக்கு. குறையவில்லையென்றால் 1-ஆம் படியிலிருந்து மறுபடி தொடங்குங்கள்.