பிடித்த பாப் பாடல்களையும் புதிதாக வாங்கிய இசையையும் பகிர்வது எப்படி

ஒரு பாடல் மனத்தில் ஒட்டிக்கொண்டுவிட்டால், அதை இன்னொருவரும் கேட்க வேண்டும் என்ற தவிப்பு தானாகவே வந்துவிடுகிறது. ஆனால் “இதைக் கேளுங்கள், அருமையாக இருக்கும்” என்று எழுதி ஒரு சுட்டியை அனுப்புவதோடு நம்மில் பலர் நின்றுவிடுகிறோம். பெறுபவரும் “பிறகு கேட்கிறேன்” என்று பதில் அனுப்பிவிட்டு மறந்துபோகிறார். குறை பாடலில் இல்லை. எந்த இடத்தில் காது கொடுக்க வேண்டும் என்பதை நாம் சொல்லாமல் விட்டதுதான் குறை. பாப் பாடல் பெரும்பாலும் மூன்று, நான்கு நிமிடங்களில் முடிந்துவிடும் சிறிய வடிவம். அதற்குள் நம்மைப் பிடித்து நிறுத்திய இடம் சில நொடிகளே நீளும். அந்த நொடிகளைக் கண்டுபிடித்துச் சொல்வதுதான் முதல் வேலை.

அதற்கு எளிய வழி ஒன்று உண்டு. வேறு எந்த வேலையும் செய்யாமல் பாடலை ஒருமுறை முழுவதும் கேளுங்கள். இரண்டாம் முறை கையில் ஒரு தாளை வைத்துக்கொண்டு, உடல் சிலிர்க்கும் இடத்திலோ கால் தானாகத் தாளம் போடத் தொடங்கும் இடத்திலோ நிமிடத்தையும் நொடியையும் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அந்த நொடியில் என்ன நடக்கிறது என்று பாருங்கள்: புதிதாக ஒரு கருவி சேர்கிறதா, அதுவரை ஒலித்துக்கொண்டிருந்த ஒன்று சட்டென்று நின்றுபோகிறதா, பாடுபவர் மூச்சை இழுப்பது கேட்கிறதா, சுருதி ஒரு படி ஏறுகிறதா?

மைக்கேல் ஜாக்சன் 1982இல் வெளியிட்ட ‘த்ரில்லர்’ தொகுப்பில் உள்ள ‘பில்லி ஜீன்’ பாடலை எடுத்துக்கொள்வோம். முதல் நான்கு நொடிகளுக்கு டிரம்ஸ் மட்டுமே ஒலிக்கிறது; அதன்மேல் பாஸ் எனப்படும் தாழ்ந்த சுரங்களின் ஒலி வந்து சேர்ந்து நடக்கத் தொடங்குகிறது; பிறகு சின்தசைசர் என்ற மின்னணுக் கருவியின் சுரங்கள் இடைவெளி விட்டு விழுகின்றன; குரல் நுழைவதற்கு ஏறக்குறைய அரை நிமிடம் ஆகிவிடுகிறது. “தாளம் பிரமாதம்” என்று எழுதினால் படிப்பவருக்கு எதுவும் கிடைப்பதில்லை. “குரல் வரும்வரை பாஸின் பின்னாலேயே போங்கள்” என்று எழுதினால், அவர் அந்த அரை நிமிடத்தை உங்களோடு சேர்ந்து நடக்கிறார். அதேபோல் ஆபா குழுவினர் 1976இல் வெளியிட்ட ‘டான்சிங் குவீன்’ பாடலில், பியானோவின் கட்டைகள்மீது விரல் சறுக்கும் ஒலி முடிந்ததும், பாடல் முதல் சரணத்திலிருந்து தொடங்காமல் பல்லவியின் பின்பாதிக்குள் நேராக நுழைந்துவிடுகிறது. இந்த ஒரு செய்தியை முன்கூட்டியே சொல்லிவிட்டால், நூறு முறை கேட்டவர்கூட நூற்றியோராம் முறை அதைப் புதிதாகக் கேட்பார்.

இதற்கு இசைக் கல்வி தேவையில்லை. கலைச்சொல் தெரியாவிட்டால் கேட்டதைக் கேட்டபடி எழுதலாம். “கண்ணாடிக் குவளையைத் தட்டுவது போன்ற ஒலி” என்று எழுதுவது, அந்தக் கருவியின் பெயரைத் தவறாகச் சொல்வதைவிட நல்லது. முதன்முதலில் எங்கே, யாரோடு கேட்டீர்கள் என்ற நினைவைச் சேர்க்க விரும்பினால் ஒரு வாக்கியத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள், ஏனெனில் அதற்குமேல் நீளும்போது பாடல் பின்னுக்குப் போய்விடுகிறது. மேலும், எல்லாருக்கும் தெரிந்த வெற்றிப் பாடலைப் பிடித்ததாகச் சொல்ல யாரும் கூச்சப்பட வேண்டியதில்லை. “இது சாதாரணப் பாட்டுதான், இருந்தாலும்…” என்று மன்னிப்புக் கேட்கும் தொனியில் தொடங்கினால், எதிரில் இருப்பவரும் அதை அரை மனத்தோடுதான் கேட்பார்.

எத்தனை பாடல்கள் என்ற கேள்விக்கு என் பதில் ஐந்து. எழுபது பாடல்கள் கொண்ட பிளேலிஸ்டை அனுப்புவது, தேர்ந்தெடுக்கும் வேலையைப் பெறுபவரின் தலையில் கட்டுவதாகும். 1963இல் பிலிப்ஸ் நிறுவனம் அறிமுகப்படுத்திய கேசட்டில் பாடல்களைப் பதிவுசெய்து நண்பர்களுக்குக் கொடுத்த தலைமுறைக்கு இந்தக் கட்டுப்பாடு இயல்பாகவே அமைந்திருந்தது: சி-90 என்ற கேசட்டில் ஒரு பக்கத்துக்கு 45 நிமிடங்கள்தான், அதற்குள் எது முதலில் வர வேண்டும், எந்தப் பாடலுக்குப் பின் எது வந்தால் காதுக்கு உறுத்தாது என்று யோசித்தே தீர வேண்டியிருந்தது. அந்த யோசனை இன்றும் பயன்படும். பெறுபவருக்கு ஏற்கெனவே பழக்கமான ஒலிக்கு அருகில் உள்ள பாடலை முதலில் வையுங்கள். நீங்கள் மிகவும் நேசிக்கும், ஆனால் சற்றுக் கடினமான பாடலை மூன்றாவதாக வையுங்கள்.

எந்தப் பதிவு என்பதைத் தெளிவாகச் சொல்வது பலரும் தவறவிடும் செய்தி. ஒரே தலைப்பில் வெவ்வேறு பாடல்கள் உள்ளன. ஒரே பாடலுக்கும் மேடைப் பதிவு, ஒலிகளை மாற்றிக் கலந்த ரீமிக்ஸ், வேறொருவர் பாடிய வடிவம் என்று பல உள்ளன. டெய்லர் ஸ்விஃப்டின் ‘ஃபியர்லெஸ்’ தொகுப்பு 2008இல் வெளிவந்தது. அதே பாடல்களை அவர் மீண்டும் பாடிப் பதிவுசெய்து 2021இல் வெளியிட்டார். இரண்டிலும் குரலின் வயது வேறு. உங்களுக்குப் பிடித்தது முதல் பதிவின் இளங்குரல் என்றால், ஆண்டைக் குறிப்பிடாமல் விட்டால் கேட்பவர் வேறொன்றைக் கேட்டுவிட்டு உங்கள் வியப்பின் காரணம் புரியாமல் நிற்பார். எனவே பாடியவர் பெயர், பாடலின் தலைப்பு, தொகுப்பு, ஆண்டு, பாடலின் நீளம் ஆகியவற்றைச் சுட்டியோடு எழுத்திலும் கொடுங்கள். ஒவ்வொருவரும் வெவ்வேறு ஸ்ட்ரீமிங் சேவையைப் பயன்படுத்துகிறார்கள். ஒரு நாட்டில் திறக்கும் சுட்டி இன்னொரு நாட்டில் திறக்காமலும் போகலாம். பெயரும் ஆண்டும் இருந்தால் அவர்களே தேடிக்கொள்வார்கள்.

புதிதாக வாங்கியதைப் பற்றிச் சொல்வது சற்று வேறுபட்ட வேலை. இங்கே பாடல் நன்றாக இருக்கிறதா என்பதோடு, நீங்கள் வாங்கிய அந்தப் பொருள் எப்படி இருக்கிறது என்பதையும் கேட்பவர் தெரிந்துகொள்ள விரும்புகிறார். வினைல் இசைத்தட்டு என்றால், நிமிடத்துக்கு 33⅓ சுற்றுகள் சுழலும், பல பாடல்கள் கொண்ட எல்பியா, 45 சுற்றுகள் சுழலும், ஓரிரு பாடல்களே கொண்ட சிங்கிளா என்று தொடங்குங்கள். பிறகு தட்டை விளிம்பில் பிடித்து, விளக்கொளியில் சாய்த்துப் பாருங்கள்: கடைசிப் பாடல் முடியும் இடத்துக்கும் நடுவில் ஒட்டியிருக்கும் லேபிளுக்கும் இடையே பாடல் இல்லாத ஒரு வெற்று வளையம் இருக்கும், அதில் எண்களும் எழுத்துகளும், சில சமயம் கையால் கீறியதுபோல், பொறிக்கப்பட்டிருக்கும். மேட்ரிக்ஸ் எண் எனப்படும் இதையும் உறையில் உள்ள வரிசை எண்ணையும் சேர்த்துப் பார்த்தால்தான் அது முதல் அச்சா, பிற்கால மறு அச்சா என்று அறிய முடியும். இசை வெளியீடுகளின் விவரங்களைத் திரட்டித் தரும், 2000ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட டிஸ்காக்ஸ் இணையதளத்தில் இந்த எண்ணைத் தேடினால், பெரும்பாலான தட்டுகளுக்கு எந்த நாட்டில், எந்த ஆண்டில் வெளியானது என்ற விவரம் கிடைக்கும். உறையில் அச்சிட்ட ஆண்டை மட்டும் நம்பி “முதல் அச்சு” என்று அறிவித்துவிடாதீர்கள். மறு அச்சுகளிலும் பழைய ஆண்டே இருப்பது வழக்கம்.

பழைய தட்டு வாங்கியிருந்தால் அதன் நிலையையும் சொல்ல வேண்டும். விற்பவர்கள் பயன்படுத்தும் தர வரிசையில் ‘மின்ட்’, ‘நியர் மின்ட்’, ‘வெரி குட் பிளஸ்’, ‘வெரி குட்’ என்று மேலிருந்து கீழாகப் படிகள் உள்ளன. புதியவர்கள் ‘வெரி குட்’ என்பதை மிக நல்ல நிலை என்று எண்ணி ஏமாறுகிறார்கள். உண்மையில் அந்தப் படியில் உள்ள தட்டில், முக்கியமாக ஒலி மெல்லியதாக இருக்கும் பகுதிகளில், இரைச்சல் காதுக்குத் தெரியும்.

இதில் எனக்கு ஒரு பாடம் கிடைத்தது. நெடுநாள் தேடிய ஒரு தொகுப்பை ஒரு விற்பனையாளர் ‘நியர் மின்ட்’ என்று சொல்லி அனுப்பியிருந்தார். முதல் பக்கம் மாசில்லாமல் ஒலித்தது. அந்த மகிழ்ச்சியில் அன்று மாலையே நண்பர்கள் எல்லாருக்கும் அந்த விற்பனையாளரைப் பரிந்துரைத்து எழுதிவிட்டேன். மறுநாள் இரண்டாம் பக்கத்தை வைத்தபோது, இரண்டாவது பாடலின் நடுவில் ஊசி ஒரே இடத்தில் திரும்பத் திரும்பச் சுற்றியது. என் சொல்லை நம்பி ஒருவர் அதற்குள் அங்கே வாங்கிவிட்டிருந்தார். அன்றிலிருந்து இரு பக்கங்களையும் முழுவதும் கேட்காமல் எந்தத் தட்டைப் பற்றியும் நான் எழுதுவதில்லை. புதிய தொகுப்பாக இருந்தால் ஒரு வாரம் பொறுத்து, மூன்று முறையாவது கேட்ட பிறகு எழுதுகிறேன். வாங்கிய நாளின் பரவசம் நேர்மையானதுதான், ஆனால் அதை மட்டும் வைத்து இன்னொருவரைச் செலவு செய்யச் சொல்லக் கூடாது.

குறுந்தகடு என்றால் இது அசல் பதிப்பா, பழைய பதிவின் ஒலியைப் பின்னர் மறுபடி சீரமைத்து ரீமாஸ்டர் செய்ததா என்று குறிப்பிட்டால் போதும். ரீமாஸ்டர் எப்போதும் மேலானது அல்ல; ஒலியளவை ஒரேயடியாக உயர்த்தி, மெல்லிய இடத்துக்கும் உரத்த இடத்துக்கும் உள்ள வேறுபாட்டை அழித்துவிட்ட பதிப்புகள் பல உண்டு. கோப்பாக வாங்கியிருந்தால் அதன் வடிவம் ஃப்ளாக்கா, எம்பி3யா என்று சொல்லுங்கள். ஃப்ளாக்கில் மூல ஒலி எதையும் இழப்பதில்லை. எம்பி3யில் அளவைக் குறைப்பதற்காக ஒரு பகுதி நீக்கப்படுகிறது, அதைப் பிறகு ஃப்ளாக்காக மாற்றினாலும் போனது திரும்பாது. வாங்கிய கோப்பை அப்படியே பிறருக்கு அனுப்புவது பதிப்புரிமைக்கு எதிரானது; பாடகர் தம் தளத்தில் இலவசமாகக் கேட்க வைத்திருந்தால் அந்தச் சுட்டியை அனுப்புங்கள். படம் எடுத்துப் போடுகிறவர்கள் பொட்டலத்தின் மேல் உள்ள முகவரிச் சீட்டை மறைத்துவிட்டு எடுப்பது நல்லது.

உங்கள் பட்டியலைப் பெற்றவர் தம் பட்டியலை அனுப்பும்போது, நீங்கள் எதிர்பார்த்த அதே கவனத்தை அவருக்குக் கொடுங்கள். பாடலை நடுவில் தாண்டாமல் கடைசிவரை கேட்டு, அதில் ஓர் இடத்தையாவது நொடியோடு குறிப்பிட்டுப் பதில் எழுதுங்கள். பிடிக்கவில்லை என்றால் அதையும் காரணத்தோடு சொல்லலாம். “குரல் பிடித்தது, ஆனால் பல்லவி அடிக்கடி திரும்பி வருவது எனக்கு அலுப்பாக இருந்தது” என்ற பதிலை வைத்து அவர் அடுத்த முறை உங்களுக்கு வேறு வகைப் பாடலைத் தேர்ந்தெடுக்க முடியும். அவர் குறித்துக் கொடுத்த நொடியில் உங்களுக்கு எதுவும் கேட்கவில்லை என்றால், ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு அந்த இடத்தை மட்டும் இன்னொரு முறை கேட்டுவிட்டுப் பதில் எழுதுங்கள்.