தரகர் இல்லாமல் வீட்டை விற்க: விலையை முதலில் சரியாக வையுங்கள்

தரகர் இல்லாமல் வீடு விற்பதில் பெரிய வேலை விலை வைப்பதுதான். விளம்பரங்களில் கேட்கும் விலையை அப்படியே நம்பாதீர்கள். அது விற்பவரின் ஆசை. சமீபத்தில் உண்மையிலேயே கைமாறிய வீடுகள் என்ன விலைக்குப் போயின என்று விசாரியுங்கள். இடம், அளவு, வயது ஆகியவற்றில் உங்கள் வீட்டை ஒத்த மூன்று நான்கு வீடுகள் போதும். கட்டணம் கொடுத்து ஒரு மதிப்பீட்டாளரிடம் அறிக்கை வாங்கினால் இன்னும் நல்லது, பேரத்தின்போது காட்ட உங்கள் கையில் ஒரு தாள் இருக்கும். கூடுதலாக விலை சொல்லிவிட்டு அப்புறம் குறைத்துக்கொள்ளலாம் என்று நினைக்க வேண்டாம். விளம்பரம் புதிதாக இருக்கும்போதுதான் நிறையப் பேர் பார்ப்பார்கள். நாளாக ஆக, இந்த வீட்டில் ஏதோ குறை இருக்கிறது போல என்ற சந்தேகம் வந்துவிடும்.

படங்களைப் பகல் வெளிச்சத்தில் எடுங்கள். பத்திரம், வரி ரசீது, கடன் பாக்கி விவரம் தயாராக இருக்கட்டும். நகலைக் காட்டலாம், மூலப் பத்திரத்தை யாரிடமும் விட்டுவைக்காதீர்கள். பார்க்க வருபவரின் பெயர், எண்ணை முன்பே வாங்கிக்கொண்டு, வீட்டில் இன்னொருவரும் இருக்கும் நேரத்தில் வரச் சொல்லுங்கள். கசிவு, விரிசல் இருந்தால் நீங்களே சொல்லிவிடுங்கள். பிறகு தெரியவந்தால் பேரம் முறியும், வழக்கும் வரலாம்.

கமிஷன் மிச்சம், சரி. அதற்காக வழக்கறிஞர் கட்டணத்தையும் மிச்சப்படுத்தப் பார்க்காதீர்கள். முன்பணம் வாங்கும் முன்பே ஒப்பந்தத்தை அவர் படித்திருக்க வேண்டும். முழுத் தொகையும் கணக்கில் ஏறிவிட்டதா என்று வங்கியிலேயே உறுதிசெய்யுங்கள். குறுஞ்செய்தியை மட்டும் நம்பிச் சாவியைக் கொடுக்க வேண்டாம்.