சொந்த விமானம் கட்டி முடியும்வரை பறக்க ஒரு பழைய விமானம் வாங்குவது எப்படி?

ஓஹாயோவில் என் வீட்டு கராஜில், கிட்டாக, அதாவது பாகங்களாக வாங்கி, ஆர்வி-8 என்ற இரண்டு இருக்கை விமானம் ஒன்றைக் கட்டிக்கொண்டிருக்கிறேன். வால் பகுதி முடிந்து, இடது இறக்கைக்கு ரிவெட் அடித்துக்கொண்டிருந்த சமயம் அது. ஒருநாள் ராத்திரி, நான் பறந்த நேரங்களைக் குறித்துவைக்கும் லாக் புக்கை எடுத்துப் பார்த்தேன். கடைசியாகப் பறந்து 14 மாதம் ஆகியிருந்தது. பறக்க வேண்டும் என்ற ஆசையில்தான் கட்டவே ஆரம்பித்தேன். கட்டுகிற வேலை அந்தப் பறப்பையே விழுங்கிவிட்டிருந்தது.

அமெரிக்காவில் கிட் வாங்கி விமானம் கட்டுகிற பலருக்கும் இது நடக்கிறது. இங்கே ஒரு விமானத்தின் பெரும்பகுதி வேலையை, அதாவது பாதிக்கு மேல், அமெச்சூர்கள் படிப்புக்காகவோ பொழுதுபோக்காகவோ செய்திருந்தால், அமெரிக்க அரசின் விமானத்துறை நிர்வாகமான எஃப்.ஏ.ஏ. அதைச் சோதனை வகை விமானமாகப் பதிவு செய்ய அனுமதிக்கும். இதைத்தான் '51 சதவீத விதி' என்பார்கள். ஆரிகனில் உள்ள வேன்ஸ் நிறுவனத்தின் ஆர்வி வகைகள் இதில் ரொம்பப் பிரபலம். ஆனால் ஒன்றைக் கட்டி முடிக்க 1,500 முதல் 2,000 மணி நேரம் சாதாரணமாக ஆகும். வேலைக்குப் போகிற ஒருவர் மாலையிலும் வார இறுதியிலும் செய்தால் நாலைந்து வருஷம் ஓடிவிடும். அத்தனை வருஷம் பறக்காமல் இருந்துவிட்டு, யாருமே இதுவரை ஓட்டாத ஒரு புது விமானத்தில் ஏறி உட்காருவது பெரிய ஆபத்து. அதனால்தான் நடுவில் பறக்க மலிவான பழைய விமானம் ஒன்றை வாங்கச் சொல்கிறேன். முதல்முறை வாங்குகிறவர்களுக்காக, நான் போன வழியை வரிசையாக எழுதுகிறேன்.

படி 1: எதற்காக வாங்குகிறோம் என்று முடிவு செய்யுங்கள்

இன்றைக்கே பறக்கிற நிலையில் இருப்பதை மட்டும் வாங்குங்கள். 'கொஞ்சம் வேலை இருக்கிறது, விலை குறைவு' என்று வரும் விளம்பரங்களைத் தாண்டிப் போய்விடுங்கள். வீட்டில் ஏற்கெனவே ஒரு விமானம் பாதியில் நிற்கிறது. இரண்டாவதும் பாதியில் நின்றால் இரண்டுமே முடியாது. மேலே போர்த்திய துணியை மாற்ற வேண்டிய விமானம், எஞ்சின் பிரித்துக் கிடக்கிற விமானம், பத்து வருஷமாகக் கொட்டகையில் தூங்குகிற விமானம் எல்லாம் நமக்கு வேண்டாம்.

இருக்கைகள் இரண்டு போதும். வேகம் வேண்டாம், ரேடியோ அடுக்கும் வேண்டாம். சனிக்கிழமை காலையில் ஒரு மணி நேரம் பறந்துவிட்டு, மத்தியானம் ரிவெட் அடிக்க வீட்டுக்கு வந்துவிட வேண்டும். அவ்வளவுதான் தேவை.

படி 2: மாடலைத் தேர்ந்தெடுங்கள்

இரண்டாம் உலகப் போர் முடிந்ததும், ஊர் திரும்பும் விமானிகள் எல்லாரும் ஆளுக்கொரு விமானம் வாங்குவார்கள் என்று அமெரிக்கக் கம்பெனிகள் நம்பின. 1946-இல் மட்டும் 30,000-க்கும் மேற்பட்ட சிறு விமானங்கள் கட்டப்பட்டன. அடுத்த வருஷமே சந்தை சரிந்தது. அன்று குவிந்தவற்றில் ஏராளமானவை இன்றும் பறக்கின்றன. அது நமக்கு அதிர்ஷ்டம்.

பைப்பர் ஜே-3 கப் எல்லாருக்கும் தெரிந்த மஞ்சள் விமானம். புகழுக்காகவே விலை கூடுதல், தனியாகப் பறக்கும்போது பின் இருக்கையில்தான் உட்கார வேண்டும். செஸ்னா 140-க்கு உடல் உலோகம், எஞ்சின் 85 குதிரைத்திறன், இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்காரலாம். ஊர்விட்டு ஊர் போக ஆசைப்படுகிறவர்களுக்கு நல்லது. லஸ்கோம் 8 முழு உலோகம், ஆனால் தரையில் கொஞ்சம் அசந்தாலும் சுற்றிக்கொள்ளும். இந்த மூன்றுக்கும் மூன்றாவது சக்கரம் வாலில். எர்கூப்புக்கு அது மூக்கில், ஓட்ட எளிது. நீங்கள் கட்டுவதும் மூக்குச் சக்கர விமானம் என்றால் அதைத் தாராளமாகப் பாருங்கள்.

நான் ஏரோன்கா 7ஏசி சாம்பியன் வாங்கினேன். எல்லாரும் 'சாம்ப்' என்பார்கள். 1946-இல் இதே ஓஹாயோவின் மிடில்டவுனில் செய்தது. 65 குதிரைத்திறன் காண்டினென்டல் எஞ்சின், மணிக்கு ஏறக்குறைய 85 மைல் வேகம், டேங்கில் 13 கேலன் பெட்ரோல் பிடிக்கும், மணிக்கு நாலு கேலன் செலவு. ஒருவர் முன்னால், ஒருவர் பின்னால். தனியாகப் போகும்போது முன் இருக்கை, வெளியே நன்றாகத் தெரியும். நான் கட்டுகிற ஆர்வி-8-க்கும் வால் சக்கரம்தான், அதிலும் ஒருவர் பின் ஒருவர்தான். வால் சக்கர விமானத்தைத் தரையில் நேராக வைத்திருப்பது கால் பெடல்கள்தான், அதனால் என் கால்களுக்கு இது சரியான பயிற்சி என்று பட்டது.

படி 3: காகிதங்களை முதலில் படியுங்கள்

விமானத்தைப் பார்க்கப் போவதற்கு முன்பே, அதன் பராமரிப்பும் பறந்த நேரமும் எழுதிய லாக் புக்குகளின் படங்களைக் கேளுங்கள். கடைசி வருடாந்திரச் சோதனை எப்போது? எஃப்.ஏ.ஏ.யின் கட்டாய உத்தரவுகள் ஒவ்வொன்றும் நிறைவேற்றப்பட்டதற்குப் பதிவு இருக்கிறதா? கடந்த ஐந்து வருஷத்தில் வருஷத்துக்கு எத்தனை மணி நேரம் பறந்திருக்கிறது?

கடைசிக் கேள்விதான் எனக்கு முக்கியம். வருஷத்துக்கு மூன்று மணி நேரம் பறந்த எஞ்சினைவிட ஐம்பது மணி நேரம் பறந்த எஞ்சின் மேல். சும்மா நிற்கிற எஞ்சினில் சிலிண்டர் சுவர் துருப்பிடிக்கும்.

எஃப்.ஏ.ஏ.யின் ஓக்லஹோமா சிட்டி அலுவலகத்தில் ஒவ்வொரு விமானத்துக்கும் ஒரு கோப்பு இருக்கிறது. அதன் நகலை யாரும் காசு கட்டி வாங்கலாம். பெரிய ரிப்பேர் ஒவ்வொன்றுக்கும் 337 என்ற படிவம் அதில் இருக்கும். இறக்கை மாற்றியதாக 337 இருந்து, விற்பவர் 'அடியே பட்டதில்லை' என்றால், எழுந்து வந்துவிடலாம். கூடவே வில்லங்கமும் பார்த்துவிடுங்கள். நிலத்துக்குப் பார்ப்பது மாதிரியேதான். பழைய கடன் விமானத்தின் பெயரிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும்.

படி 4: மெக்கானிக்கோடு போய்ப் பாருங்கள்

இந்தப் படியில் கஞ்சத்தனம் வேண்டாம். பழைய துணி விமானங்கள் தெரிந்த மெக்கானிக் ஒருவரை நீங்களே அழைத்துப் போங்கள். விற்பவருக்கு வருடாந்திரச் சோதனை செய்து கொடுத்தவர் வேண்டாம்.

நான் முதலில் பார்த்த சாம்ப் கண்ணைப் பறித்தது. புது மஞ்சள் பெயின்ட், தோல் இருக்கை. என்னோடு வந்த மெக்கானிக் பெயின்டைத் திரும்பியும் பார்க்கவில்லை. நேரே வாலுக்கு அடியில் போய் மல்லாந்து படுத்தார். துணிக்குள் இருப்பது இரும்புக் குழாய்ச் சட்டம். தண்ணீர் எல்லாம் வழிந்து வால் சக்கரத்துக்கு முன்னால், அடிக்குழாயில்தான் தேங்கும். விற்பவரிடம் அனுமதி கேட்டுவிட்டு, சோதனைத் துளை வழியாக ஒரு கூர் ஊசியை விட்டு அந்தக் குழாயை அழுத்தினார். ஊசி உள்ளே போய்விட்டது. பழுப்புத் தூள் அவர் கன்னத்தில் உதிர்ந்தது. ஊசியை வெளியே எடுத்து என் கையில் கொடுத்தார், ஒன்றும் சொல்லவில்லை. நான்கு மணி நேரம் வண்டி ஓட்டிப் போய், வெறுங்கையோடு திரும்பினோம். அவருக்குக் கொடுத்த கூலி எனக்கு ஒரு முழு விமானத்தின் விலையை மிச்சப்படுத்தியது.

அடுத்தது இறக்கை. சாம்பின் இறக்கைக்கு முதுகெலும்பு போல இருப்பது மரத்தாலான ஸ்பார். எப்போதோ இறக்கை நுனி தரையில் இடித்திருந்தால், மரத்தின் இழைகள் நசுங்கிக் குறுக்கே மயிரிழை போல ஒரு கோடு விழும். வெளியே துணியில் ஒன்றும் தெரியாது. சிறு கண்ணாடியும் விளக்கும் வைத்து உள்ளே தேடித்தான் பார்க்க வேண்டும். இதற்கென்றே எஃப்.ஏ.ஏ. கட்டாய உத்தரவு போட்டிருக்கிறது. எலிக் கூடு இருக்கிறதா என்றும் பாருங்கள். எலி மூத்திரம் உலோகத்தை அரித்துவிடும்.

எஞ்சினுக்கு கம்ப்ரெஷன் சோதனை. சிலிண்டருக்குள் 80 பவுண்டு அழுத்தத்தில் காற்றைச் செலுத்தி, எவ்வளவு நிற்கிறது என்று பார்ப்பார்கள். எழுபதுக்கு மேல் என்றால் நிம்மதி. குறைந்தால் காதை வைத்துக் கேளுங்கள். புகைக்குழாயில் உஸ்ஸென்று வந்தால் எக்ஸாஸ்ட் வால்வு, கார்புரேட்டர் பக்கம் வந்தால் இன்டேக் வால்வு, ஆயில் ஊற்றும் வாயில் வந்தால் பிஸ்டன் ரிங். இந்தச் சின்ன காண்டினென்டலில், வால்வுகளைத் திறக்கும் தண்டான கேம்ஷாஃப்ட் எஞ்சினின் கீழ்ப்பக்கம், ஆயிலுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அதனால் மேலே கேம்ஷாஃப்ட் வைத்த லைகமிங் கம்பெனி எஞ்சின் அளவுக்கு அது துருப்பிடிக்காது. ஆர்வி-8-க்கு நான் போடப்போவது லைகமிங்தான். அந்தப் பாடத்தையும் அங்கேயே கற்றுக்கொண்டேன்.

படி 5: பணம், பதிவு, காப்பீடு

பணத்தை நேராகக் கொடுக்காமல் எஸ்க்ரோ மூலம், அதாவது கைமாற்றம் முடியும்வரை பணத்தை வைத்திருக்கும் நடுவர் மூலம் கொடுங்கள். விற்பனைப் பத்திரமும் பதிவு விண்ணப்பமும் எஃப்.ஏ.ஏ.க்குப் போக வேண்டும். விமானத்தை வாங்குவதற்கு முன்பே காப்பீட்டை விசாரியுங்கள். வால் சக்கர அனுபவம் குறைவாக இருந்தால், பயிற்சியாளரோடு இத்தனை மணி நேரம் பறந்தால்தான் ஆயிற்று என்று நிபந்தனை வரும். ஹேங்கரில், அதாவது விமானக் கொட்டகையில், இடத்துக்குப் பல ஊர்களில் காத்திருப்புப் பட்டியல் நீளம். அதனால் இடம் கிடைத்த பிறகு விமானம் வாங்குங்கள். துணி விமானத்தை வெயிலிலும் மழையிலும் வெளியே கட்டிவைக்கக் கூடாது.

படி 6: முதல் மாதம்

வால் சக்கர விமானத்தைத் தனியாக ஓட்ட, பயிற்சியாளர் லாக் புக்கில் தனி ஒப்புதல் எழுதித் தர வேண்டும். பக்கக் காற்றில் இறங்குவதைப் போதும் போதும் என்கிற அளவுக்குப் பழகுங்கள்.

சாம்பில் பேட்டரி கிடையாது, ஸ்டார்ட்டர் கிடையாது. புரொபெல்லரைக் கையால்தான் சுழற்ற வேண்டும். இதைத் தெரிந்தவர் பக்கத்தில் நின்று கற்றுத்தர வேண்டும், எழுத்தைப் படித்துச் செய்யாதீர்கள். இரண்டு விஷயம் மட்டும் சொல்கிறேன். எஞ்சினுக்குத் தீப்பொறி தருவது மேக்னெட்டோ. அதன் சுவிட்ச் அணைந்திருந்தாலும், தரை ஒயர் அறுந்திருந்தால், புரொபெல்லரைத் திருப்பும்போது எஞ்சின் ஓட ஆரம்பித்துவிடலாம். அதனால் புரொபெல்லர் எப்போதும் உயிரோடு இருக்கிறது என்றே நினையுங்கள். அப்புறம், வாலைக் கயிற்றால் கட்டாமலும் சக்கரத்துக்குக் கட்டை வைக்காமலும் ஒருநாளும் புரொபெல்லரில் கை வைக்காதீர்கள்.

படி 7: இரண்டையும் சேர்த்து நடத்துவது

கையால் கட்டிய விமானத்துக்கு, கட்டியவரே எஃப்.ஏ.ஏ.யிடம் ரிப்பேர்மேன் சான்று வாங்கி வருடாந்திரச் சோதனை செய்யலாம். சாம்புக்கு அப்படி முடியாது. ஆயில் மாற்றுவது, டயர் மாற்றுவது போன்றவை மட்டும் நம் கையில். ஆனால் மெக்கானிக்கின் மேற்பார்வையில் நாமே திறந்து, துடைத்து, மாட்டலாம். செலவு குறைகிறது, பழகிய கை கராஜுக்கும் உதவுகிறது.

எனக்கு நானே ஒரு கட்டுப்பாடு வைத்திருக்கிறேன். சாம்புக்கு அழகுக்காக ஒன்றும் வாங்குவதில்லை. பாதுகாப்புக்கு வேண்டியது உடனே நடக்கும். மற்றதெல்லாம் ஆர்வி கணக்குக்குப் போகும்.

புது விமானம் தயாரானதும் சாம்பை விற்று அந்தப் பணத்தைப் போடலாம் என்று தோன்றும். அவசரப்படாதீர்கள். ஆர்வி-8 சாம்பைப் போல் இரண்டு மடங்குக்கும் மேல் வேகம், அதனால் ஆர்வி-8 மாதிரியான விமானத்தில் தனிப் பயிற்சி எடுத்தே ஆக வேண்டும். அதன் பிறகு 25 அல்லது 40 மணி நேரச் சோதனைப் பறப்பு. அந்தக் காலத்தில் வீட்டாரை ஏற்றிச் செல்ல முடியாது, ஏதாவது சரிசெய்ய விமானம் வாரக்கணக்கில் நிற்கவும் நேரும். அந்த மணி நேரங்கள் முடிந்து, என் மனைவி ஆர்வியின் பின் இருக்கையில் ஏறி உட்காருகிற நாள்வரை, சாம்ப் ஹேங்கரிலேயே இருக்கும்.