பூட்டிக் கிடக்கும் வீட்டில் தீ: களத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோவையின் ராஜவீதியை ஒட்டிய பழைய தெருக்களிலும், ஈரோட்டுக் கருங்கல்பாளையத்திலும், திருப்பூரின் நெருக்கமான சந்துகளிலும் ஆண்டுக்கணக்கில் பூட்டிக் கிடக்கும் வீடுகள் உண்டு. பாகப்பிரிவினை வழக்கு முடியாமல் நிற்பவை சில. பெரியவர்கள் காலமாகி, பிள்ளைகள் வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருப்பதால் கேட்பாரற்றுப் போனவை சில. மூடப்பட்ட பஞ்சாலைகளின் லைன் வீடுகள் சில. இப்படிப்பட்ட வீட்டில் தீப்பிடித்தால் அதை அணுகும் முறை, குடித்தனம் நடக்கும் வீட்டுத் தீயை அணுகும் முறையிலிருந்து மாறுபட்டே தீர வேண்டும். பணியில் புதிதாகச் சேர்ந்த தீயணைப்பு வீரர்களுக்கும், ஊர்க்காவல் மற்றும் குடிமைப் பாதுகாப்புத் தன்னார்வலர்களுக்கும், வண்டி வருவதற்குள் வாளியோடு ஓடிவரும் அக்கம்பக்கத்தாருக்கும் இந்த மாறுபாடு தெரிந்திருப்பது நல்லது.

முதல் தவறு, அக்கம்பக்கத்தார் சொல்வதை அப்படியே நம்பிவிடுவது. “அந்த ஊட்டுல ஆரும் இல்லீங்க, ரொம்ப வருசமா பூட்டித்தானுங்க கெடக்குது” என்று ஒருவர் சொன்னால், அவருக்குத் தெரிந்தது தெருப்பக்கத்துப் பூட்டு மட்டுமே. பொடக்காளிப் (கொல்லைப்புறம்) பக்கத்துச் சுவர் இடிந்திருப்பதும், அதன் வழியே இரவில் ஆட்கள் வந்து படுப்பதும் அவர் கண்ணில் பட்டிருக்காது. மின் இணைப்பு துண்டிக்கப்பட்டு, அடுப்பெரியாத வீட்டில் தீ தானாகப் பிறப்பது அரிது. பக்கத்துக் குப்பையிலிருந்தோ பட்டாசிலிருந்தோ பரவியதாகத் தெரியவில்லை என்றால், எரியும் தீயே அங்கு மனிதர் வந்துபோனதற்குச் சாட்சி. குளிருக்கு நெருப்பு மூட்டியவர், குடிக்க வந்தவர், செம்புக்காகக் கேபிளை எரித்தவர், ஒளிந்து விளையாடிய சிறுவர் என யாராகவும் இருக்கலாம். ஆகவே “உள்ளே ஆள் உண்டா” என்று மட்டும் கேட்டால் போதாது. இரவில் அங்கு வெளிச்சம் தெரிந்ததுண்டா, பின்பக்கம் யார் நடமாடுவார்கள், கடைசியாக எப்போது யாரைப் பார்த்தீர்கள் என்று பிரித்துக் கேட்க வேண்டும். செடிகொடிகளுக்கு நடுவே கால் பட்டுத் தேய்ந்த தடம், கொடியில் காயும் துணி, புதிய தண்ணீர்க் குடம் ஆகியவை மனிதர் சொல்லாததைச் சொல்லும்.

இதற்கு நேர்மாறான தவறு இன்னும் கொடியது. ஆள் இருக்கலாம் என்ற ஐயம் ஒன்றையே காரணமாகக் கொண்டு, எதையும் பாராமல் உள்ளே பாய்வது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் உள்ள வூஸ்டர் நகரில் 1999 டிசம்பர் 3ஆம் தேதி, பயன்பாடற்றுக் கிடந்த குளிர்பதனக் கிடங்கு ஒன்று தீப்பிடித்தது. வீடற்றவர்கள் உள்ளே தங்கியிருக்கலாம் என்ற தகவலின் பேரில் வீரர்கள் தேடச் சென்றனர். அங்கு தங்கியிருந்தவர்கள், தங்கள் மெழுகுவத்தி சாய்ந்து தீ பிடித்ததும் முன்னரே வெளியேறியிருந்தார்கள். சன்னல் அரிதான அந்தக் கட்டடத்தின் புகையில் வழி தவறியவர்கள் இருவர். அவர்களைத் தேடிச் சென்று மாண்டவர்கள் நால்வர். மேலும் பலர் ஏற முனைந்தபோது, களத்தில் இருந்த அதிகாரி ஒருவர் வாசலை மறித்து நின்று தடுத்தார். அந்த முடிவின் கடுமையை நினைத்துப் பார்த்தால், அதுபோன்ற ஒரு நிலைக்கு வந்து சேராமல் தொடக்கத்திலேயே தீர்மானிப்பதன் அருமை விளங்கும். பால்டிமோர் நகரில் 2022 ஜனவரி 24 அன்று ஆளில்லாத மூன்று மாடி வரிசை வீடு ஒன்று இடிந்து மூன்று வீரர்கள் இறந்தனர். அதே வீட்டில் 2015லும் தீப்பிடித்து வீரர்கள் காயமடைந்திருந்தனர். ஒருமுறை எரிந்த வீடு மறுமுறை எரியும்போது அதன் வலிமை பழைய வலிமை அல்ல என்பதை அந்த வட்டார நிலையத்தின் பதிவேடு உரக்கச் சொல்ல வேண்டும்.

எனவே தேடுவதா வேண்டாமா என்ற வினாவை அறை அறையாகப் பிரித்துப் பார்ப்பதே சரி. தரை முதல் கூரை வரை தீ நிறைந்துவிட்ட அறையில் உயிரோடு எவரும் இருக்க வாய்ப்பில்லை. அதற்குள் வீரரை அனுப்புவதால் பயன் ஏதும் இல்லை. கதவு சாத்தியிருக்கும் அடுத்த அறையில், புகை மெலிதாக இருக்கும் பின்கட்டில் ஒருவர் பிழைத்திருக்கக்கூடும். கட்டடம் தாங்கும் என்றால் அங்கே தேடலாம். உயிர் காக்க அளந்து துணியலாம். ஏற்கெனவே பாழான சுவரையும் கூரையையும் காக்கத் துணிவது வீண்.

அளப்பதற்கு வீட்டைச் சுற்றிப் பார்க்க வேண்டும். இதைத் தாமதம் என்று எண்ணி விட்டுவிடுவதுதான் நம்மூரில் மிகுதியாக நடப்பது. கூடியிருக்கும் கூட்டம் “தண்ணி அடிங்க, என்ன பாத்துட்டு நிக்கறீங்க” என்று கத்தும்போது, ஒரு நிலைய அலுவலர் வீட்டைச் சுற்றி வருவதற்கு மனத்திடம் வேண்டும். பொதுச்சுவரோடு ஒட்டி நிற்கும் வீடுகளில் சுற்றிவர வழி இராது. அப்போது பக்கத்து மொட்டைமாடியில் ஒருவரை ஏற்றிப் பின்புறத்தைப் பார்க்கச் சொல்லலாம். சன்னல்களை எண்ணும்போது ஒன்றை மறக்கக் கூடாது. அமெரிக்கப் பயிற்சி நூல்கள் சன்னலை இரண்டாவது வெளியேறும் வழியாகக் கொள்கின்றன. நம் வீட்டுச் சன்னல்களில் இரும்புக் கம்பி பதித்திருக்கும். முன்வாசல் வழியே நுழைந்தவருக்குப் பெரும்பாலும் முன்வாசலே திரும்பும் வழி என்பதால், அவர் உள்ளே செல்லுமுன் மற்றொரு குழு பின்கதவைத் திறந்தோ சன்னல் கம்பியை அறுத்தோ வைத்திருப்பது கட்டாயம். பொடக்காளியில் கைப்பிடிச் சுவர் இடிந்த பழைய கிணறோ, பலகை மக்கிய கழிவுத்தொட்டியோ புதருக்குள் மறைந்திருக்கும். இரவில், புகையில், ஹோஸை இழுத்துக்கொண்டு பின்னோக்கி நடப்பவர் அதில் விழுவதற்கு ஓர் அடி போதும். பின்புறம் செல்பவர் கழியால் தரையைத் தட்டிக்கொண்டே செல்லட்டும்.

வீட்டின் கட்டுமானத்தைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. கொங்கு நாட்டுப் பழைய வீடுகளில் மண் சுவரோ சுண்ணாம்புக் காரைச் சுவரோ இருக்கும். மேலே விட்டம், கைமரம், ரீப்பர், அதன்மேல் ஓடு. ஆள் வாழும்வரை உடைந்த ஓடு மாற்றப்படும். ஆள் போனபின் முதல் மழையிலேயே ஒழுகத் தொடங்கி, விட்டத்தின் முனை சுவருக்குள் இருக்கும் இடத்தில் ஊறி மக்கும். மீதியைக் கரையான் பார்த்துக்கொள்ளும். வெளியே பார்த்தால் முழு மரம்போலத் தெரிவது உள்ளே கூடாக இருக்கும். தீயின் வேகத்தை வைத்து “இன்னும் பத்து நிமிடம் தாங்கும்” என்று குடித்தன வீட்டில் போடும் கணக்கு இங்கே செல்லாது, ஏனெனில் தீ தொடங்குமுன்னரே அந்தக் கூரை பாதி விழுந்த கூரை. சீமை ஓடு ஒன்றின் எடை இரண்டு கிலோவுக்கு மேல்; ரீப்பர் எரிந்ததும் அவை வரிசையாகச் சரியும். மச்சு வீடுகளில் தேக்குச் சட்டங்களின்மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் கனமாக இருப்பதால், சட்டம் ஒன்று முறிந்தால் தளத்தின் ஒரு பகுதி மொத்தமாக இறங்கிவிடும். இதற்குக் கீழே நிற்பதும் தவறு, மேலே ஏறி நிற்பதும் தவறு. பிற்காலத்தில் ஆசாரத்தில் (முன்கூடத்தில்) சேர்த்த சிமெண்ட் அட்டைகள் சூடேறினால் வெடித்துச் சில்லுகளாகத் தெறிக்கும். சுவர் வெளிப்புறம் சாயலாம் என்பதால், அதன் உயரத்தைப்போல் ஒன்றரை மடங்கு தூரத்துக்கு யாரும் நில்லாமல் காப்பது உலகெங்கும் பின்பற்றப்படும் அளவு. குறுகிய சந்தில் அது முடியாதபோது, சுவரின் முகத்துக்கு எதிரே நில்லாமல் கட்டடத்தின் மூலைப் பக்கம் நிற்க வேண்டும்.

கதவை உடைப்பதில் அவசரம் காட்டுவது அடுத்த தவறு. பூட்டிய அறைக்குள் காற்றில்லாமல் சுருண்டு கிடக்கும் தீக்குக் கதவைத் திறப்பது சோறிடுவதற்குச் சமம். ஓரிரு நிமிடங்களில், சில நேரம் அதற்கும் முன்னரே, அறை முழுவதும் ஒரே நேரத்தில் பற்றிக்கொள்ளும். கதவிடுக்கில் கறுத்த புகை உள்ளும் வெளியும் இழுபட்டால் அது பெரும் எச்சரிக்கை. தண்ணீர் ஏறிய ஹோஸ் கையில் வந்த பின்னரே பூட்டை உடைக்க வேண்டும். உடைத்த கதவையும் தேவையான அளவே திறந்து, ஒருவர் அதைப் பிடித்து நிற்க வேண்டும். புகை வெளியேறட்டும் என்று நல்லெண்ணத்தோடு ஓட்டைப் பிரிக்கும் இளைஞர்களைக் கூரையிலிருந்து உடனே இறக்குவது நல்லது. ஆளில்லா வீட்டில் பெரும்பாலும் சிறந்த தொடக்கம், வெளியில் நின்று சன்னல் வழியாக நேர்த்தாரையை உட்கூரையில் படும்படி சிறிது நேரம் அடித்து, தீயின் வேகத்தை ஒடுக்குவது. இப்படி அடித்தால் தீ உள்பக்கம் தள்ளப்படும் என்று நெடுங்காலம் அஞ்சினார்கள். தாரையை அலைக்காமல் நிலையாகப் பிடித்தால் அவ்வாறு நேர்வதில்லை என்று பின்னர் நடந்த சோதனைகள் காட்டின. சன்னலை முழுதும் அடைத்துக்கொள்ளும் அகலமான தூவல்தான் சூட்டையும் ஆவியையும் திருப்பி விடுகிறது. தண்ணீர் ஆவியாகும்போது ஏறத்தாழ 1,700 மடங்கு விரிகிறது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். உள்ளே ஒரு குழு இருக்கும்போது வெளியிலிருந்து தாரை அடிப்பது எக்காரணத்தாலும் கூடாது.

தண்ணீர்க் கணக்கு எளியது, ஆனாலும் தவறுகிறது. நம் வாட்டர் டெண்டர் வண்டிகள் பொதுவாக 4,500 லிட்டர் சுமப்பவை. நிமிடத்துக்கு 450 லிட்டர் என்று ஒரு பிராஞ்ச் (ஹோஸின் முனைக்குழாய்) இறைத்தால் பத்து நிமிடத்தில் தொட்டி வறண்டுவிடும். வண்டி நுழையாத சந்தாக இருந்தால் ஹோஸ் நீட்டுவதற்கே பாதி நேரம் போகும். முதல் வண்டி கிளம்பும்போதே இரண்டாவது வண்டிக்கும் லாரித் தண்ணீருக்கும் சொல்லிவிட வேண்டும். இன்னொன்று: இறைத்த தண்ணீர் எங்கும் போய்விடுவதில்லை. பத்து நிமிடத்தில் நான்கரை டன் எடை அந்த வீட்டுக்குள் இறங்குகிறது. மண் சுவர் அதைக் குடித்துக் கரைகிறது, மச்சின்மேல் அது தேங்குகிறது. தீ அடங்கியது போலத் தெரியும் நேரமே சுவர் விழும் நேரமாகவும் இருக்கலாம்.

திருப்பூர், ஈரோடு, கரூர்ப் பகுதிகளில் பூட்டிய வீடு என்பது பல வேளைகளில் குடோனாகிவிட்ட வீடு. பனியன் வேஸ்ட், நூல் கோன், பஞ்சு மூட்டை, பழைய அட்டைப்பெட்டி ஆகியவற்றை யாரோ சிறு வாடகைக்கு அடைத்து வைத்திருப்பார்கள். பொள்ளாச்சிப் பக்கம் தேங்காய் நாரும் நார்க்கழிவும் கிடக்கும். எரிபொருள் குறைவாகத்தான் இருக்கும் என்று நம்பி ஒரே ஹோஸோடு நுழைவது அங்கே பெருந்தவறு. பஞ்சின் மேற்பரப்பில் ஓடும் தீயை எளிதில் அணைக்கலாம். மூட்டையின் நடுவில் கனலும் நெருப்பைத் தண்ணீர் தொடுவதே இல்லை. நீரின் பரப்பு இழுவிசையைக் குறைக்கும் நனைப்பான் கரைசல் இருந்தால் கலந்து அடிக்கலாம். இல்லையென்றால் மூட்டைகளை வெளியே இழுத்து, பிரித்து, ஒவ்வொன்றாக ஊற வைப்பதைத் தவிர வேறு வழியில்லை. ஸ்பான்டெக்ஸ் கலந்த துணி எரியும் புகையில் ஹைட்ரஜன் சயனைடு இருக்கும், கனலும் பஞ்சின் புகையில் கார்பன் மோனாக்சைடு மிகுந்திருக்கும். ஈரத் துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு நுழைவது இவற்றுக்கு எந்தத் தடையும் அல்ல, பி.ஏ. செட் (முதுகில் சுமக்கும் காற்று உருளையோடு கூடிய சுவாசக் கருவி) இல்லாதவர் வாசற்படியைத் தாண்டக் கூடாது. தீ அடங்கிக் கிளறும் வேளையிலும் அதே விதிதான்.

மீட்டர் கழற்றப்பட்டிருப்பதைக் கண்டு மின்சாரம் இல்லை என்று முடிவு கட்ட வேண்டாம். கம்பத்திலிருந்து வரும் சர்வீஸ் ஒயர் உயிரோடு இருக்கலாம், திருட்டு இணைப்பும் இருக்கலாம். மின்வாரியத்தார் வந்து துண்டித்ததை உறுதி செய்யும்வரை எல்லா ஒயரையும் மின்னோட்டம் உள்ளதாகவே கருத வேண்டும். காலி சிலிண்டர் என்று சொல்லப்படும் சிலிண்டருக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

பழைய தெருக்களில் கூரையும் கூரையும் உரசி நிற்பதால், எரியும் வீட்டையே பார்த்துக்கொண்டு பக்கத்து வீட்டை மறப்பது வழக்கமான பிழை. பூட்டிய வீடு எரிந்து தீர்ந்தால் இழப்பு ஓர் உரிமையாளருக்கு. பக்கத்து வீட்டில் படுக்கையில் கிடக்கும் முதியவரும் அடுப்படியில் சிலிண்டரும் உண்டு. தண்ணீர் போதாத முதல் நிமிடங்களில் பிராஞ்சைப் பொதுச்சுவரின் பக்கம் திருப்பி, அங்குள்ளவர்களை வெளியேற்றுவதே முன்னுரிமை. எரியும் வீட்டில் எவரேனும் சிக்கியிருப்பது உறுதியானால் மட்டுமே இந்த வரிசை மாறும்.

இவற்றில் பாதியைத் தீப்பிடிக்கும் முன்னரே தவிர்க்கலாம். பால்டிமோரில் ஒரு காலத்தில் ஆபத்தான காலி வீடுகளின் முகப்பில் சிவப்புப் பலகை மாட்டி, உள்ளே நுழையுமுன் எச்சரிக்கும் முறை இருந்தது. பின்னர் அது கைவிடப்பட்டது. நம் ஊர்களில் பலகை இல்லாவிட்டாலும், நிலைய எல்லைக்குள் இருக்கும் பூட்டிய வீடுகளின் பட்டியலை வார்டு வாரியாக எழுதி வைக்கலாம்: ஓட்டு வீடா மச்சு வீடா, உள்ளே என்ன அடைத்திருக்கிறது, கிணறு எங்கே, வண்டி எதுவரை போகும், முன்பு எரிந்ததுண்டா. தெருக்காரர்களும் வழக்கில் இருக்கும் வீட்டைப் பற்றி வாய் திறப்பானேன் என்று ஒதுங்காமல், பின்சுவர் இடிந்திருப்பதையும் இரவில் ஆட்கள் வருவதையும் மாநகராட்சிக்கும் நிலையத்துக்கும் தெரிவிக்கலாம். தீ தெரிந்தால் 101 அல்லது 112 எண்ணுக்கு அழைக்கும்போது “காலி வீடு” என்று மட்டும் சொல்லாமல், உள்ளே பஞ்சு மூட்டை உண்டு, யாரோ வந்து படுப்பார்கள் என்று தெரிந்ததை எல்லாம் சொல்ல வேண்டும்.

கடைசியாக, அணைத்த பிறகு சீக்கிரமாகக் கிளம்புவது. கைமரம் சுவருக்குள் நுழையும் பொந்திலும், அட்டாலிக் (பரண்) குப்பையிலும், மூட்டைக் குவியலின் அடியிலும் கனல் மிஞ்சியிருக்கும். கூரை நிற்கும் உறுதி இல்லாத வீட்டில் உள்ளே சென்று கிளறாமல், வெளியிலிருந்து நனைத்துவிட்டு, ஒரு பிராஞ்சோடு காவல் வைப்பதும், சில மணி நேரம் கழித்து மறுபடி வந்து பார்ப்பதும் பாதுகாப்பானது. உடைத்த கதவைப் பலகை அடித்து மூடி, சாயும் சுவரின் பக்கம் கயிறு கட்டி, வீட்டின் நிலையைப் பதிவேட்டில் எழுதி, அடுத்த முறைப் பணிக்கு வரும் குழுவிடம் வாய்மொழியாகவும் ஒப்படைக்க வேண்டும்.