கிளட்ச் லைனில் ஏர் எடுத்தது: என் அனுபவம்

ஸ்லேவ் சிலிண்டரை (பெடலை மிதித்ததும் ஆயில் அழுத்தத்தால் கிளட்சைத் தள்ளும் பாகம்) மாற்றிய பிறகு கிளட்ச் பெடல் தொளதொளவென்று தரை வரை இறங்கியது. ரிவர்ஸ் போட்டால் கரகரவென்று சத்தம். விடாமல் பம்ப் செய்தால் பெடல் கொஞ்சம் இறுகும், நிறுத்தினால் பழையபடி. லைனில் காற்று இருக்கிறது என்று புரிந்தது. ஆயில் அமுங்காது, காற்று அமுங்கும்.

முதலில் வழக்கமான முறைதான். தம்பி பெடலை மிதித்துப் பிடிக்க, ஸ்லேவ் சிலிண்டரில் உள்ள நிப்பிளை (காற்றை வெளியேற்றும் சிறு திருகு) திறந்து ஆயில் வந்ததும் மூடி, அப்புறம்தான் காலை எடுக்கச் சொன்னேன். குமிழி வருவது நின்றும் பெடல் சரியாகவில்லை. காற்று எப்போதும் மேலே ஏறத்தான் பார்க்கும்; குழாயின் மேல் வளைவில் தங்கிவிட்டால் அதைக் கீழே இழுப்பது வீண்வேலை.

அதனால் திசையை மாற்றினேன். பெரிய சிரிஞ்சில் புது டாட் 4 ஆயிலை (பிரேக் ஆயில் வகை) நிரப்பி, டியூபை நிப்பிளில் மாட்டி, கீழிருந்து மெதுவாக ஏற்றினேன். டியூபிலும் முன்பே ஆயில் நிறைந்திருக்க வேண்டும், இல்லையென்றால் புதுக்காற்றை நாமே ஏற்றியதாகிவிடும். மேலே கிளட்ச் ஆயில் டாங்கில் குபுகுபுவென்று குமிழிகள்! (டாங்க் வழியாமல் அவ்வப்போது உறிஞ்சி எடுங்கள், இந்த ஆயில் பட்டால் பெயின்ட் போச்சு.) குமிழி அடங்கியதும் நிப்பிளை இறுக்கிவிட்டு மிதித்தேன். பெடல் கெட்டியாக நின்றது. ரிவர்ஸும் சத்தமில்லாமல் விழுந்தது.